மூன்று கால் நாற்காலி

குப்பை மறுபடியும் வந்திருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வாரி, மூட்டை கட்டி, நகராட்சி வண்டியில் ஏற்றி அனுப்பிய அதே இடத்தில், அதே உயரத்துக்கு, கொஞ்சமும் வெட்கமில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது. கிழிந்த மெத்தை, அட்டைப் பெட்டிகள், உடைந்த தெர்மாகோல், பழைய துணி, எல்லாவற்றுக்கும் உச்சியில் மூன்றே கால் உள்ள சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று.

மூடி சார் கையுறையைக் கழற்றிக் கரையில் ஓங்கி அடித்தார். அடித்த பிறகுதான் அதுவும் இப்போது குப்பை என்று உறைத்தது. குனிந்து எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இதில் கோபம் இன்னும் கொஞ்சம் ஏறியது.

"சோத்தைத்தான் திங்கறானா இவன்?" என்றார்.

"யாரு சார்?" என்றார் பல் டாக்டர். தினமும் காலையில் குளத்தைச் சுற்றி ஓடுகிறவர். குளம் காக்கும் குழுவின் துணைத் தலைவர்.

"தெரிஞ்சா இங்க ஏன் நிக்கறேன்? அவன் வீட்டு வாசல்லல்ல நிப்பேன்."

குழுவின் தலைவர் மூடி சார்தான். பாட்டில் மூடி செய்யும் ஆலையில் தரப் பரிசோதகர் என்பதால் தெருவில் அந்தப் பெயர். வரிசையாக ஓடிவரும் மூடிகளில் ஒன்றை எடுப்பார், அமுக்குவார், திருகுவார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், முகத்தைச் சுளித்துக்கொண்டு கழிவுத் தொட்டியில் போடுவார். திங்கள் முதல் சனி வரை குற்றம் கண்டுபிடிப்பதே தொழிலாக இருக்கிற மனிதரிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னால் நடக்குமா? நடக்கவில்லை.

இந்தத் தெருக்காரர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வாசலை நாளைக்கு இரண்டு தடவை கழுவுவார்கள். வீட்டுக்குள் செருப்புக் காலோடு யாராவது வந்துவிட்டால் ரகளைதான். அதே ஆட்கள் பையைக் கட்டி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குளத்துப் பக்கம் ஒரு வீசு வீசுவார்கள். கேட்டைத் தாண்டிய குப்பை உலகத்தைவிட்டே போய்விட்டதாக அவர்களுக்கு எண்ணம். கேட்டால், எல்லாரும்தானே போடுறாங்க என்பார்கள். எல்லாரும் என்று ஒரு ஆள் தனியாக இருந்தால் பிடித்து நாலு உதை உதைக்கலாம். இல்லையே.

மூடி சார் குளத்துக்கு வந்ததே ஒரு கோபத்தில்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே மின்விசிறி இறக்கையில் விரலை ஓட்டிப் பார்த்தாயிற்று. துண்டுகளையெல்லாம் பிரித்து மறுபடி மடிக்க வைத்தாயிற்று. குளிர்சாதனப் பெட்டியை முன்னுக்கு இழுத்து அதன் முதுகைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ஒரு நாற்றம் வந்தது. எவன் இது என்று கேட்கப் போனவர், பேண்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு குளத்தில் இறங்கிவிட்டார். திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. தலையில் பாசி, கையில் ரத்தம், முகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு தெளிவு.

மனைவிதான் வெந்நீர் போட்டுக் கொடுத்தாள்.

"ஒத்தையா ஏங்க கஷ்டப்படணும்? நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு ஒரு குழு ஆரம்பிங்களேன். வாரா வாரம் போகலாம்ல."

கல்யாணமான நாளிலிருந்து தன் கோபத்துக்கு வீட்டில் ஒரு ஆதரவும் கிடைத்ததில்லை என்று நினைத்திருந்த மனிதர் உருகிப்போனார். மறுவாரமே குழு பிறந்தது. ஞாயிறு விடிந்ததும் மனைவி பிளாஸ்க்கில் டீ ஊற்றித் தருவாள், கையுறையை எடுத்து வைப்பாள், செருப்பை வாசலில் திருப்பி வைப்பாள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. படிப்பை விட்டுவிட்டு எழுந்து வந்து, "நல்லா பண்ணுங்கப்பா" என்று வழியனுப்புவாள்.

குழு உண்மையிலேயே உழைத்தது. அதில் குறை சொல்வதற்கில்லை. இரண்டு மாதத்தில் கரை கரையாகத் தெரிந்தது. தண்ணீருக்கு ஒரு நிறம் வந்தது. நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு நாணல் பக்கம் குடியேறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பொறுக்க ஒன்றுமே இல்லை. மூடி சார் சீக்கிரமே வீடு திரும்பி, சமையலறை டப்பாக்களையெல்லாம் தரையில் இறக்கி, எது எதற்கு மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று பார்த்தார். சாயங்காலம் வரை பார்த்தார். டப்பாவுக்கு மூடி மாற்றிப் போடுகிற குடும்பம் உருப்படாது என்று கடைசியில் தீர்ப்பும் சொன்னார்.

அதற்கு அடுத்த வாரம்தான் இந்தக் குவியல் முளைத்தது.

"நம்மளத் தூங்க விட்டுட்டு அடிக்கறான் டாக்டர். பெரிய கைகாரன்."

மத்தியானம் நகராட்சி வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கி வழக்கம்போல் வணக்கம் வைத்தார். சாதுவான ஆள். மூட்டைகளை ஏற்றிக்கொண்டே, ஜனங்க அப்படித்தான் சார், விடுங்க, உடம்பைப் பார்த்துக்குங்க என்றார். ஊரிலேயே மனசாட்சி உள்ள ஒரே ஆள் இவர்தான் என்று மூடி சார் டாக்டரிடம் சொன்னார்.

அந்த வாரம்தான் வார்டு கவுன்சிலர் அம்மாளிடமிருந்து சேதி வந்தது. குளத்தைச் சுற்றி வேலியும் நடைபாதையும் போட அனுமதி வந்திருக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு குளத்துக்குத்தான். மாதக் கடைசி ஞாயிறு தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், கரை சுத்தமாக இருந்தால் வேலி இங்கே, இல்லாவிட்டால் பக்கத்து வார்டுக்கு என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்து வார்டுக் குளத்தை மூடி சார் பார்த்திருக்கிறார். அதைக் குளம் என்று சொன்னால் மாடுகூட ஒத்துக்கொள்ளாது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் விஷயத்தைச் சொன்னார். 

"வேலி மட்டும் வந்துட்டா என் வேலை முடிஞ்சுது. அப்புறம் ஞாயித்துக்கிழமை பூரா உங்களோடதான்."

மகள் தட்டைவிட்டு நிமிரவில்லை. மனைவி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, வேலி வந்தாலும் வேலிக்கு மேலே தூக்கிப் போடுகிறவர்கள் இருக்கத்தானே செய்வார்கள், நீங்கள் விட்டுவிடக் கூடாது என்றாள். என்ன தொலைநோக்கு என்று மூடி சார் வியந்தார்.

முதலில் பலகை வைத்தார். வாசகத்தை அவரே எழுதினார். 'இங்கே குப்பை கொட்டுகிறவன் மனிதனா?' என்று ஆரம்பித்து, கேள்வி கேள்வியாகப் போய், கொட்டுகிறவனுடைய அப்பாவைப் பற்றிய ஒரு சந்தேகத்தில் முடிந்தது. அந்தக் கடைசி வரியை டாக்டர் கெஞ்சிக் கூத்தாடி அழிக்க வைத்தார். அழித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

பலகை வைத்த மறுநாள் சாயங்காலம் ஒருவன் பைக்கை நிறுத்தினான். பொறுமையாக மேலிருந்து கீழ்வரை படித்தான். வண்டியில் தொங்கிய பையைக் கழற்றிப் பலகைக்குக் கீழே நேராக நிறுத்தி வைத்துவிட்டுக் கிளம்பினான். மூடி சார் பாய்ந்து போய்ச் சாவியைப் பிடுங்கினார்.

"போர்டு போட்டிருக்கே, கண்ணு தெரியல?"

"அதைப் பாத்துதான் சார் நிறுத்தினேன். இத்தனை நாள் எங்க கொட்டறதுன்னு தெரியாம அலைஞ்சுக்கிட்டிருந்தேன். இவ்வளவு தூரம் எழுதி வெச்சிருக்காங்கன்னா, நிறைய பேரு கொட்டற இடமாத்தானே இருக்கும்?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் மூடி சாரால் பொறுக்க முடியவில்லை. அந்த வாரம் வழக்கமான குவியலோடு பலகைக்கடியிலும் புதிதாக ஒரு குவியல் சேர்ந்தது. பலகையைப் பிடுங்கி எறிந்தார். எறிந்த பலகையை அவரேதான் மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

அடுத்த யோசனையை மனைவி கொடுத்தாள். ஞாயிறு மட்டும் போனால் போதாது, சனிக்கிழமை சாயங்காலமும் அங்கே இருக்க வேண்டும், ஆட்கள் கூடுகிற மாதிரி ஏதாவது நடத்தினால் எவன் வந்து கொட்டுவான் என்றாள். மூடி சாருக்கு அது சரியென்றே பட்டது. இப்படித்தான் 'குளத்தோடு ஒரு மாலை' என்ற விழா வந்தது. நடைப்போட்டி, குழந்தைகளுக்கு ஓவியப்போட்டி, கடைசியில் உறுதிமொழி.

கூட்டம் வந்தது. தெருவே திரண்டு வந்தது. வரும்போது சும்மா வந்தார்களா? குழந்தைக்குக் கொறிக்க ஒரு பாக்கெட், தனக்கு ஒரு பாட்டில், கைதுடைக்க ஒரு கட்டுக் காகிதம். யாரோ ஒரு மகானுபாவர் பலூன் விற்கிறவனை வேறு கூட்டி வந்திருந்தார். பல் டாக்டர் தன் பங்குக்குக் குழந்தைகளுக்கெல்லாம் பல் துலக்கும் பிரஷ் இலவசமாகக் கொடுத்தார். ஒவ்வொரு பிரஷும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. குழந்தைகள் உறையைக் கிழித்த கையோடு காற்றில் விட்டன. காற்று குளத்துப் பக்கம் அடித்தது.

நீர்க்கோழி குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டது.

மூடி சார் மைக்கைப் பிடுங்கினார். நீங்களெல்லாம் குளம் காக்க வந்தவர்களா, குளத்துக்குக் காரியம் பண்ண வந்தவர்களா என்று ஆரம்பித்தார். நடைப்போட்டியில் முதலாவதாக வந்தவரின் பேரைக் கூப்பிட்டு, பரிசு கிடையாது, நீ காலி பாட்டிலை எங்கே வீசினாய் என்று பார்த்தேன் என்றார். அந்த ஆள் மனைவி மக்கள் முன்னால் தலைகுனிந்தார். பிறகு நிமிர்ந்து, குடித்து முடித்திருந்த காகிதக் கோப்பையையும் மூடி சாரின் காலடியில் போட்டுவிட்டுப் போனார். அதைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். உறுதிமொழி எடுக்க மிஞ்சியது குழுக்காரர்களும் பலூன்காரனும்தான்.

"சார், கொஞ்சம் நிதானமா பேசியிருக்கலாம்," என்றார் டாக்டர்.

"நிதானமாப் பேசி எந்தக் குளம் மிஞ்சியிருக்கு? முதல்ல நீங்க அந்த பிரஷ் உறையெல்லாம் பொறுக்குங்க."

டாக்டருக்கும் கோபம் வந்தது. தண்ணீரோரம் கிடந்த மூடிகளில் ஒரு கையளவு அள்ளிக் கொண்டுவந்து நீட்டினார்.

"இது எந்த ஆலை மூடின்னு பாத்துச் சொல்லுங்க சார்."

மூடி சார் ஒன்றை எடுத்தார். பழக்கத்தில் அமுக்கினார், திருகினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் ஆலை முத்திரைதான். எத்தனை வருஷம் சேற்றில் கிடந்ததோ, ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. பழுதில்லை என்று அவரே பார்த்து அனுப்பியது. முகம் செத்துப்போயிற்று. அதன் பிறகு இருட்டுகிற வரை அவர் யாரோடும் பேசாமல் மூடி பொறுக்கினார். அந்த மனிதருக்குத் தன் மேலேயே கோபம் வந்ததைத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வந்தால், மெத்தை, அட்டைப் பெட்டி, தெர்மாகோல், துணி. உச்சியில் மூன்று கால் நாற்காலி.

"ஒரு மனுசன் வாரத்துக்கு ஒரு நாற்காலியா உடைப்பான்?" என்றார் டாக்டர்.

மூடி சார் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கோபத்தில் இத்தனை மாதம் கண் தெரியாமல் போயிருந்த தரப் பரிசோதகருக்கு அப்போதுதான் கண் திறந்தது. வீட்டுக்குப் போய், ஆலையில் தேறாத பொருள்மேல் வைக்கிற சிவப்புச் சாயத்தை எடுத்து வந்தார். நாற்காலியின் அடியில் ஒரு பெருக்கல் குறி. மெத்தையில் ஒன்று. பெட்டிகள்மேல் ஆளுக்கொன்று. டாக்டரிடமும் காரணம் சொல்லவில்லை. மத்தியானம் வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. ஓட்டுநர் வணக்கம் வைத்தார். மூடி சாரும் வைத்தார்.

அடுத்த ஞாயிறுதான் மாதக் கடைசி. கவுன்சிலர் அம்மாள் வருகிற நாள். மூடி சார் விடிந்ததும் விடியாததுமாகப் போனார். குவியல் இருந்தது. நாற்காலியைத் திருப்பினார்.

சிவப்புப் பெருக்கல் குறி.

அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். துக்கத்தால் இல்லை. இத்தனை மாதக் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்ட சந்தோஷத்தால். கொண்டுபோகிறவனே கொண்டுவந்து கொட்டுகிறான்! நகராட்சி வண்டி மத்தியானம் அள்ளுகிறது, விடிவதற்குள் திரும்பக் கொட்டுகிறது. வணக்கம் வேறு வைக்கிறது.

டாக்டருக்கு விஷயம் விளங்க நேரமாயிற்று. விளங்கியதும் அவர் சொன்ன யோசனை புத்திசாலித்தனமானது. நாலு பேர் கைவைத்தால் அரை மணியில் எல்லாவற்றையும் புதருக்குப் பின்னால் தள்ளிவிடலாம். கவுன்சிலர் வருவார், சுத்தமான கரையைப் பார்ப்பார், வேலி கிடைத்துவிடும். வண்டிக்காரனை நாளைக்குக் கவனித்துக்கொள்ளலாம்.

"ஒளிச்சு வெக்கறதா?" என்றார் மூடி சார். "திருடனைக் கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன். இன்னைக்கு இந்த நாற்காலிக்கு மாலை போடாத குறையா நடுவுல வெக்கப் போறேன்."

"வேலி போயிடும் சார்."

"இவனுங்களை உள்ள வெச்சுக்கிட்டு வேலி போட்டு என்ன டாக்டர் பிரயோஜனம்?"

சொன்னபடியே செய்தார். கவுன்சிலருக்காகப் போட்டிருந்த மேடையில், கவுன்சிலருக்கான நாற்காலிக்குப் பக்கத்தில், மூன்று கால் நாற்காலியை ஒரு கல்லை முட்டுக்கொடுத்து நிறுத்தினார். பத்திரிகை நிருபர் ஒருவர் வருவதாக இருந்தது. இன்னும் ஒருவரையும் போன் போட்டு வரவழைத்தார். அன்றைக்கு அவமானப்பட்டுப் போன நடைப்போட்டிக்காரர்கூட, மூடி சார் இன்று வேறொருவரைத் திட்டப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

கவுன்சிலர் அம்மாள் வந்தார். குவியலைப் பார்த்ததும் அவர் முகம் பக்கத்து வார்டுப் பக்கம் திரும்பிவிட்டது. மூடி சார் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார். சாயம் வைத்ததை, திரும்பி வந்ததை, நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி. கூட்டம் வாயைப் பிளந்தது. நிருபர்கள் படமெடுத்தார்கள். கவுன்சிலர் அம்மாளுக்கு வேர்த்துவிட்டது. தன் நகராட்சி வண்டியா இப்படி என்று அவருக்கும் ஆத்திரம். விசாரித்து நடவடிக்கை எடுப்பதாகச் சொல்ல வாயெடுத்தார். விசாரணையே வேண்டாம், வண்டி இப்போது வரும், இங்கேயே கேட்போம் என்றார் மூடி சார்.

இதற்குள் சேதி தெரு முழுக்கப் பரவியிருக்க வேண்டும். மூடி சாரின் மனைவி தலைகூட வாராமல் மூச்சிரைக்க ஓடிவந்தாள். குளத்தங்கரைக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. பின்னாலேயே மகள்.

"ஏங்க, வீட்டுக்கு வாங்க. எதுவா இருந்தாலும் வீட்டுல பேசிக்கலாம்."

"இது வீட்டு விஷயமில்ல. ஊர் விஷயம்."

"பாவங்க அந்த டிரைவர். புள்ளகுட்டிக்காரன். வேலை போயிடும்."

இவள் மனசு யாருக்கு வரும் என்று மூடி சார் நினைத்தார். கூட்டத்தைப் பார்த்து, என் மனைவி என்று அறிமுகமும் செய்துவைத்தார். இந்த ஆறு மாதமும் தனக்குப் பின்னால் நின்ற ஒரே ஜீவன் இவள்தான் என்று மைக்கிலேயே சொன்னார். கைதட்டினார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டி வந்தது. ஓட்டுநர் இறங்கி, வணக்கம் வைக்கத் தூக்கிய கையைப் பாதியில் நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்தார். மேடையில் கவிழ்ந்து கிடந்த நாற்காலியைப் பார்த்தார். அதன் அடியில் சிவப்புக் குறியைப் பார்த்தார். அவரை நாலு பேர் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றினார்கள்.

"இதைத் திரும்பத் திரும்பக் கொண்டாந்து கொட்டறது நீதானா?" என்று கேட்டார் கவுன்சிலர் அம்மாள்.

ஓட்டுநர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். நாறுகிற குப்பை எதையும் கலக்கவில்லை, காய்ந்ததாகப் பார்த்து, தண்ணீரில் படாமல்தான் போட்டேன், ஒவ்வொரு வாரமும் நானே அள்ளிக்கொண்டும் போயிருக்கிறேன் என்று மெல்லச் சொன்னார். யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். கேஸ் போடுவேன் என்றார் கவுன்சிலர்.  ஓட்டுநர் கடைசியில் மூடி சார் பக்கம் திரும்பினார்.

"சார், கொஞ்சம் கீழ இறங்கி வாங்க. உங்ககிட்ட மட்டும் தனியா சொல்லிடறேன்."

"தனியாவா? நடக்கவே நடக்காது. அவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி, இங்கயே சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

மூடி சார் மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டி, சத்தம் போதுமா என்று விரலால் இரண்டு தட்டும் தட்டிப் பார்த்தார். ஓட்டுநர் அவரை ஒரு நிமிஷம் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மாதான் சார் கேட்டுக்கிட்டாங்க. குளம் சுத்தமாயிட்டா நீங்க ஞாயித்துக்கிழமை வீட்டுலயே இருந்துடுவீங்களாம்."